குடியானவன் வீட்டுக் காவல் நாய்: பருவந்தோறும் பராமரிக்கும் முறை

(கள்ளக்குறிச்சி ஜில்லாவுக்கும் கல்வராயன் மலைக்கும் ஏற்றது)

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் தாலுகாக்களில் கரும்புத் தோட்டத்துக் கொட்டகையிலும், மக்காச்சோளக் கொல்லையிலும், ஆட்டுப் பட்டியிலும், கல்வராயன் மலைமேல் சாமைக் கொல்லையின் பரணடியிலும் நாயொன்று காவல் இருப்பதை எவரும் காணலாம். இரவில் களத்து நெல்லையும், தொழுவத்து மாட்டையும், பட்டியில் அடைத்த ஆட்டுக்குட்டியையும் காப்பது பெரும்பாலும் அதுவே. காட்டுப் பன்றி கொல்லையில் புகும்போது எஜமானனுக்கு முதலில் அறிவிப்பதும் அதுவே. இவ்வளவு ஊழியம் செய்யும் பிராணிக்கு நம்மவர் செலுத்தும் கவனமோ மிகவும் சொற்பம். கோமாரிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மாடுகளுக்கு முறைப்படி ஊசி போடுவிக்கும் மிராசுதாரர்கூட, அதே தொழுவத்தின் வாயிலில் படுத்திருக்கும் நாய்க்கு ஓர் ஊசியும் போடுவிக்காமல் இருந்துவிடுகிறார். மிஞ்சிய சோறும் ஒரு சங்கிலியும் அதற்குப் போதுமென்பது பொதுவான எண்ணம்.

இந்த அசட்டையின் பலன் நாயோடு நிற்பதில்லை. ரேபீஸ் எனப்படும் வெறிநோய் கண்ட நாய் ஓர் இரவில் வீட்டுக் குழந்தையையும், கறவைப் பசுவையும், அண்டை வீட்டு ஆட்டையும் கடித்துவிடக் கூடும். அந்நோயின் குறிகள் மனிதனிடத்தில் தோன்றிய பின்னர் அதற்குப் பயனுள்ள சிகிச்சை இன்றளவும் இல்லை; தப்பிப் பிழைத்தோர் உலகம் முழுவதிலும் மிக அரியர். உலகத்தில் வருஷந்தோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்வதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. கடிபடுவோரில் 10 பேருக்கு 4 பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர். மனிதருக்கு வரும் வெறிநோயில் 100-க்கு 99 பங்குக்கு மேல் நாயின் கடியாலேயே வருகிறது. ஆகையால் நாய்க்கு வருஷத்துக்கு ஒரு முறை போடும் ஊசி, நாயைக் காப்பதைக் காட்டிலும் நம் வீட்டையே காக்கிறது என்று கொள்ளவேண்டும்.

ஆயினும் பிடிபடாத நாய்க்கு ஊசி போடுவது எவ்வாறு? முகாம் நடக்கும் நாளில் வைத்தியரைக் கண்டதும் கரும்புக் கொல்லைக்குள் ஓடி மறையும் நாய், எத்தனை முகாம் நடந்தாலும் பாதுகாப்பற்றதாகவே இருக்கும். எஜமானனின் கைக்கு அடங்கி நிற்கப் பழகிய நாய் ஒன்றே ஊசியும், பூச்சி மருந்தும், புண்ணுக்குச் சிகிச்சையும் பெறக்கூடியது. எனவே பழக்குவதும், போஷிப்பதும், நோய் தடுப்பதும் வெவ்வேறு காரியங்கள் அல்ல. இவற்றைப் பருவகாலங்களை அனுசரித்து எவ்வாறு செய்வதென்பதை இங்கே எடுத்துரைப்போம்.

குட்டியைத் தெரிந்தெடுத்தல்

இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி முதலிய தென்னாட்டு இனங்கள் பெயர் பெற்றவை. இவற்றுள் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்திற்கும், கோம்பை காவலுக்கும் சிறந்தவை. தூய வெண்ணிற இராஜபாளையக் குட்டிகளுள் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு; வாங்குவோர் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிச் சோதித்து வாங்குவது நலம். ஆனால் தோட்டக் காவலுக்கு விலை கொடுத்து இனநாய் வாங்கவேண்டிய அவசியமில்லை. நம் ஊர் நாட்டுநாய் இவ்விடத்து வெயிலையும், மழையையும், எளிய ஆகாரத்தையும் தாங்கப் பழகியது. குளிர்நாட்டு ரோம நாய்களைச் சித்திரை வெயிலில் கட்டி வளர்ப்பது அவற்றுக்கு ஹிம்சையாகும்.

குட்டியைத் தாயிடமிருந்து 8 வாரத்துக்கு முன்னதாகப் பிரிக்கலாகாது. அதற்கு முன் பிரிக்கப்பட்ட குட்டி தாய்ப்பாலின் பலத்தை இழப்பதோடு, கடியின் வேகத்தை அடக்கிக்கொள்ளத் தன் உடன்பிறப்புகளிடம் கற்கவேண்டிய பாடத்தையும் இழந்துவிடுகிறது.

கைக்கு அடங்கப் பழக்குதல்

பிறந்த 3-ஆவது வாரம் தொடங்கி ஏறக்குறைய 14-ஆவது வாரம் வரையில் குட்டியின் மனம் எதையும் எளிதில் ஏற்கும். இக்காலத்தில் அது கண்ட மனிதர், மாடு, ஆடு, கோழி, டிராக்டரின் ஓசை ஆகியவற்றுக்குப் பின்னர் அஞ்சுவதில்லை. அச்சமே பெரும்பாலான கடிகளுக்குக் காரணமாதலின், இவ்வாரங்களை வீணாக்கலாகாது.

தினந்தோறும் 5 நிமிஷம் குட்டியை மடியில் இருத்தி, வாயைத் திறந்து பல்லைப் பார்த்தல், காதைப் புரட்டிப் பார்த்தல், பாதங்களைப் பிடித்தல், கழுத்துத் தோலை மெல்லத் திரட்டிப் பிடித்தல் ஆகியவற்றைச் செய்து, முடிவில் ஒரு துண்டு ஆகாரம் கொடுக்கவேண்டும். ஊசி போடும் இடம் பெரும்பாலும் கழுத்துத் தோலாதலின், இவ்வாறு பழகிய நாய் முகாமில் அமைதியாக நிற்கும். மெல்லிய துணிப் பட்டையால் வாயைச் சுற்றிச் சில விநாடி கட்டி அவிழ்ப்பதையும் பழக்கிவிட்டால், பின்னாளில் அடிபட்ட காலத்தில் எஜமானனையே கடிக்கும் ஆபத்து நீங்கும்.

கற்பிக்கவேண்டிய சொற்கள் சிலவே: "வா", "இரு", "விடு". குடும்பத்தார் யாவரும் அதே சொல்லையே சொல்லவேண்டும். சொன்னபடி செய்தவுடன் தட்டிக் கொடுப்பதோ ஒரு கவளம் ஈவதோ போதும். அடித்துப் பழக்கிய நாய், கையை ஓங்கினால் கடிக்கக் கற்கிறதே தவிர, காவலைக் கற்பதில்லை. பகல் முழுவதும் குறுகிய சங்கிலியில் கட்டிப்போடுவதும் நாயை முரடாக்கும். பகலில் நிழலில் நீண்ட கயிற்றிலும், இரவில் வேலியிட்ட தோட்டத்துக்குள் அவிழ்த்தும் விடுதல் தகுதியான முறை. உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையை ஒட்டிய கிராமங்களில் மோட்டார்களைத் துரத்தும் வழக்கம் நாய்க்கும் சைக்கிள், மோட்டார் சைக்கிளில் செல்வோர்க்கும் யமனாக முடியுமாதலின், அதைக் குட்டிப் பருவத்திலேயே "விடு" என்ற சொல்லால் நிறுத்தவேண்டும்.

வீட்டுச் சிறுவருக்கும் சில பாடங்கள் உண்டு. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி ஈன்ற நாயையும் தொடலாகாது. அயல் நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல் அசைவின்றி நிற்கவேண்டும். எந்த நாய் நகத்தால் கீறினாலும் மறைக்காமல் பெரியவரிடம் சொல்லவேண்டும். அடிக்குப் பயந்து சிறுவர் மறைத்துவிட்ட சிறு கீறல், பல வாரங்கள் கழித்து உயிரைக் கொண்டுபோகக் கூடும்.

ஆகாரம்

கேழ்வரகுக் களியும், கம்பஞ்சோறும், அரிசிச்சோறும் நாய்க்கு ஆகும். ஆயினும் அவை மட்டும் போதா. வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் புலால் சத்து இன்றியமையாதது. அவித்த முட்டை, வேகவைத்த இறைச்சி அல்லது மீன், இவை கிடைக்காதபோது குழைய வெந்த பருப்பும் மோரும் களியோடு கலந்து கொடுக்கலாம். கருவாடு கொடுப்பதாயின் உப்புப் போக ஊறவைத்து அவித்துக் கொடுக்கவேண்டும். வளர்ந்த நாய்க்குத் தினம் இருவேளை போதும். 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 3 அல்லது 4 வேளையாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். சுத்தமான ஜலம் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். வெந்த கோழி எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஆடு வளர்ப்போர் ஒன்றை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். கோயில் விழாவிலோ வீட்டிலோ கிடா வெட்டும்போது, ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் காணப்படுவதுண்டு. அவற்றை அறுத்து நாய்க்கு எறிவது நம் ஊர்களில் வழக்கம். அக்கட்டிகளுக்குள் ஒருவகை நாடாப்புழுவின் இளம் உருக்கள் இருக்கின்றன. அவை நாயின் குடலில் வளர்ந்து, அதன் மலத்தோடு முட்டைகளாக வெளிப்பட்டு, மேய்ச்சல் தரையின் வழியாக மீண்டும் ஆட்டையும், கை கழுவாமல் உண்ணும் மனிதரையும் அடைந்து, அவர்களுடைய ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாகின்றன. ஆதலின் அவ்வுறுப்புகளைப் பச்சையாக நாய்க்கு இடாமல் எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும்.

குடற்புழுக்களுக்கான மருந்தைக் குட்டி பிறந்த 2-ஆவது வாரம் தொடங்கி 2 வாரத்துக்கு ஒரு முறையாக 3 மாதம் வரையிலும், பின்னர் மாதம் ஒரு முறையாக 6 மாதம் வரையிலும், அதற்கு மேல் 3 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கவேண்டும். அளவு நாயின் எடையைப் பொறுத்ததாதலின், கால்நடை வைத்தியரைக் கேட்டே கொடுப்பது முறை.

வேனிற்காலம்: பங்குனி முதல் ஆனி வரை

சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் உஷ்ணம் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். மனிதனைப்போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். நாக்கை நீட்டி இளைப்பதனாலேயே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளுகிறது. தகரக் கொட்டகையின் கீழோ, காற்றோட்டமில்லாத மூலையிலோ, நிறுத்திய காருக்குள்ளோ அடைபட்ட நாய்க்கு இவ்வுபாயம் பயன்படாது.

நாயின் இயல்பான உடற்சூடு 101 முதல் 102½ டிகிரி வரை. கடுமையாக இளைத்தல், ஈறு செக்கச் சிவத்தல், நூல்போல் எச்சில் வடிதல், தள்ளாடுதல் ஆகியவை கண்டால் வெப்பத் தாக்கு என்று அறியவேண்டும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிறு, தொடையிடுக்கு, பாதங்களில் குளிர்ந்த கிணற்று ஜலத்தை ஊற்றி விசிறவேண்டும். நினைவற்ற நாயின் வாயில் ஜலம் புகட்டலாகாது. சூடு 103 டிகிரிக்கு இறங்கியதும் ஜலம் ஊற்றுவதை நிறுத்தி, வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

உண்ணிகள் ஆண்டு முழுவதும் உண்டெனினும், உஷ்ண காலத்தில் விரைந்து பெருகும். நாயின் கபில நிற உண்ணி இரத்தம் குடித்தபின் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கொட்டகை மரச்சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்திட்டு இடத்தை விட்டுவிட்டால் பயன் குறைவு. வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்படித்து, படுக்கைச் சாக்கைக் கொதிநீரில் அலசவேண்டும். உண்ணியை விரலால் நசுக்காமல் இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து இழுத்தெடுக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் உண்ணாது, ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் கசியும். தாமதிக்காமல் காட்டினால் பிழைக்கும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தை நாயின் மேல் தெளிப்பதும், சொறிக்கு மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் பூசுவதும் மிகவும் தவறான வழக்கங்கள். நாய் தன் உடலை நக்குவதால் அவை வயிற்றுக்குள் சென்று கொல்லும்.

மழைக்காலம்: ஆடி முதல் கார்த்திகை வரை

இப்பிரதேசத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் உண்டு. கோமுகி, மணிமுத்தா நதிகளின் பாசன நிலங்களில் ஜலம் தேங்கும் இக்காலத்தில் எலிகளின் மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும், சேற்றில் இறங்கும் மனிதனையும் ஒருங்கே தாக்கும். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளித்தல் இதன் குறிகள். நாய்களுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. தேங்கிய ஜலத்தை நாய் குடிக்கவிடாமல் தொட்டியில் நல்ல ஜலம் வைப்பது எளிய பாதுகாப்பு.

குட்டிகளைக் கொள்ளையாகக் கொண்டுபோகும் இரு வியாதிகள் பார்வோ என்னும் இரத்தக் கழிச்சலும், டிஸ்டெம்பர் என்னும் காய்ச்சலும் ஆகும். இவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறையாக 16-ஆவது வாரம் வரையில் போடுவிக்க வேண்டும். டிஸ்டெம்பர் காட்டு மிருகங்களுக்கும் தாவும். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி வனத்தில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இந்நோயால் மாண்டன. அருகிலிருந்த கிராமத்து நாய்களிடமிருந்தே நோய் சென்றதென ஆராய்ச்சியாளர் கண்டனர். கல்வராயன் காடுகளை ஒட்டி வாழ்வோர் இதை நினைவில் வைக்கவேண்டும். நாயை ஏவி முயல், பன்றி முதலியவற்றை வேட்டையாடுவது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

மழையில் நனைந்த நாயின் காதும் விரலிடுக்கும் ஈரமாகவே இருப்பின் சீழும் படையும் பிடிக்கும். துணியால் துடைத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்த பலகையில் படுக்கை அமைத்தல் நன்று. புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைப்பதும் இக்காலத்திலேயே மிகுதி. வரப்பிலும் கரும்புச் சோகையிலும் பாம்பு தீண்டினால், கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் காலம் போக்காமல், நாயை நடக்கவிடாது தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும்; மனிதருக்கு இடும் விஷமுறிவு மருந்தே நாய்க்கும் பயன்படுகிறது. எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு உருண்டைகளை நாய் எட்டாத வளைக்குள் வைத்து மூடவேண்டும்; செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைக்கவேண்டும்.

ஐப்பசியில் தீபாவளி வெடிகளுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிப்போகும் நாய்கள் பல. அன்று மாலையே அதை அறைக்குள் அடைத்து, வீட்டார் ஒருவர் அருகில் இருத்தல் நலம்.

பனிக்காலம்: மார்கழி முதல் மாசி வரை

நாட்டு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில் இணைந்து, ஏறத்தாழ 63 நாள் சுமந்து, பனிக்காலத்தில் குட்டி ஈனும். கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேற்பட்ட வெள்ளிமலைப் பக்கத்துக் குக்கிராமங்களில் மார்கழிக் குளிர் கடுமையாதலின், பிறந்த 2 வாரம் வரையில் குட்டிகள் குளிரால் சாவது உண்டு. வைக்கோலும் கிழிந்த கம்பளியும் இட்ட, காற்றுப் புகாத கூடையொன்று போதுமானது. அடுப்புச் சாம்பலில் படுக்கவிடுவது தீக்காயத்துக்கு இடமாகும்.

இந்தப் பிறப்புக் காலத்திலிருந்து ஒரு கணக்குக் கிடைக்கிறது. மார்கழியிலும் தையிலும் பிறக்கும் குட்டிகளுக்குப் பங்குனி, சித்திரையில் 3 மாதம் நிரம்பும். அதுவே வெறிநோய்த் தடுப்பூசி முதன்முதல் போடவேண்டிய வயது. ஆனால் தடுப்பூசி முகாம்கள் பெரும்பாலும் உலக வெறிநோய் தினமாகிய செப்டம்பர் 28-ஐ ஒட்டி, அதாவது புரட்டாசி மாதத்தில், நடைபெறுகின்றன. அதுவரையில் அவ்வருஷத்துக் குட்டிகள் யாவும் ஊசியின்றித் திரிகின்றன. சிறுவர் எடுத்து விளையாடுவதும் இக்குட்டிகளையே. ஆகவே புரட்டாசி முகாமோடு நில்லாமல், பங்குனியில் குட்டிகளுக்கென ஒரு நாளைக் குறித்துக்கொள்வது ஒவ்வோர் ஊருக்கும் அவசியம்.

மேலும் குட்டிகள் வேண்டாதோர் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்வித்துவிடுவது, பிறந்த குட்டிகளைச் சாக்கில் கட்டி அயலூரில் விட்டுவருவதைக் காட்டிலும் மேலான முறை.

வெறிநோயின் குறிகள்

வெறிநோயில் இரு வகை உண்டு. மூர்க்க வகையில் நாய் காரணமின்றிக் கடிக்கும், கல்லையும் கட்டையையும் கவ்வும், குரல் மாறிக் குரைக்கும், நெடுந்தூரம் ஓடும். இதை யாவரும் அறிவர். ஊமை வகையோ அவ்வளவு அறியப்படாதது. நாய் இருண்ட மூலையில் பதுங்கும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி, அன்புள்ள எஜமானன் வாய்க்குள் கையை விடுகிறான். அவ்வெச்சிலே விஷமாதலின் இதைவிட ஆபத்தான செயல் இல்லை. மாட்டிலும் இவ்வாறே, ஓயாது கதறுதல், எச்சில் வடிதல், தீனி விழுங்காமை ஆகியன கண்டால் வெறுங்கையை வாயில் விடாமல் வைத்தியரை அழைக்கவேண்டும். அத்தகைய மாட்டின் பாலைப் பயன்படுத்தலாகாது. வெறிநாய் கடித்த மாட்டுக்கு நோய்க்குறி தோன்றும் வரையில் காத்திராமல் கடிபட்ட அன்றே ஊசி தொடங்குவிக்கவேண்டும்.

கடிபட்டவர் செய்யவேண்டியது

முதலாவது, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் ஜலத்தில் 15 நிமிஷம் முழுவதும் கழுவுதல். தோட்டத்துப் பம்புக் குழாயே இதற்குப் போதும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித் தூள் எதையும் அப்பலாகாது. மந்திரிப்பதிலும் பச்சிலை கட்டுவதிலும் கழியும் ஒவ்வொரு நாளும் நோய்க்குக் கொடுக்கும் அவகாசமாகும்.

இரண்டாவது, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ செல்லுதல். இந்நாட்டில் இச்சிகிச்சை வந்த வரலாறு அறியத்தக்கது. 1885 ஜூலை 6-ல் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இவ்வூசியிட்டுக் காப்பாற்றினார். இந்தியாவில் 1900-ல் கசௌலியில் நிலையம் ஏற்பட்டது. சென்னை ராஜதானியாரின் பொருட்டு, ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையைக் கொண்டு, குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் கடிபட்டோர் தொலைவிலிருந்து ரயிலேறிச் சென்று தங்கிச் சிகிச்சை பெற்றனர். பின்னர் வெகுகாலம் வழங்கிய, தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசிகளை நினைத்து முதியோர் இன்றும் அஞ்சுவதுண்டு. அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004-க்குப் பின் வழங்கப்படுவதில்லை. இப்போது கைப்புஜத்தில் முதல் நாள், 3-ஆவது, 7-ஆவது, 28-ஆவது நாள் என்று தோலில் சிறு ஊசிகளாகப் போடப்படுகிறது. தசையில் போடும் முறையில் 14-ஆவது நாளும் சேர்ந்து 5 முறையாகும். வலி சொற்பம், அஞ்சவேண்டியதில்லை. தவணை தவறலாகாது.

தோலைத் துளைத்து இரத்தம் வந்த கடிக்கு, ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்தவேண்டும். அது எல்லாச் சிறு நிலையங்களிலும் இராதாகையால், 2022-ல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கேட்டுச் செல்லவேண்டும். மலைவாசிகள் வாகன வசதிக்கு 108 எண்ணை அழைக்கலாம்.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடலாகாது. அதைக் கட்டிவைத்து 10 நாள் கவனிக்கவேண்டும். 10 நாள் கழித்தும் நாய் சுகமாயிருந்தால் கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் நோய் இல்லை என்று அறியலாம். எஞ்சிய தவணைகளைப் பற்றி மருத்துவர் தீர்மானிப்பார். ஆனால் இந்த 10 நாளும் ஊசி போடாமல் காத்திருக்கக்கூடாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

ஓர் ஊரிலுள்ள நாய்களில் 100-க்கு 70 நாய்களுக்கு வருஷந்தோறும் தடுப்பூசி போட்டுவந்தால், வெறிநோய் அவ்வூரில் தொடர்ந்து பரவ இடமின்றி அற்றுப்போகும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கொள்கை. 140 நாய்கள் உள்ள ஊரில் 98 நாய்களுக்குப் போட்டாகவேண்டும். ஆகையால் ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் முதலில் வீடுவாரியாக நாய்க் கணக்கு எடுக்கவேண்டும். கணக்கில்லாத ஊரில் 40 நாய்க்கு ஊசி போட்டுவிட்டு வேலை முடிந்ததென்று எண்ணுவது எளிது.

மலைக் கிராமங்களில் இதற்கு முன்னேற்பாடு அதிகம் வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் இருந்தாலன்றிப் பலன் தராது. கச்சிராயபாளையத்திலிருந்து மலைப்பாதை ஏறிப் பனிக்கட்டிப் பெட்டியில் வரும் மருந்து காத்துக் கிடக்கலாகாது. முகாம் நாளுக்கு முன்தினமே தண்டோராவோ ஒலிபெருக்கியோ மூலம் அறிவித்து, காலை 7 மணிக்குள், நாய்கள் காட்டுக்குப் போகுமுன், கழுத்தில் கயிறிட்டுக் கொண்டுவரச் செய்யவேண்டும். ஊசியிட்ட நாய்க்கு வர்ணப் பட்டை கட்டிவிட்டால் விடுபட்டவை தெரியும். 3 மாதம் நிரம்பாத குட்டியையும் திருப்பி அனுப்பாமல் போட்டுவிட்டு, பின்னர் மீண்டும் ஒரு முறை போடச் சொல்லவேண்டும்.

தெருநாய்களை விஷமிட்டுக் கொல்வது 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், பயனும் இல்லை. ஊசி போட்ட நாய்கள் மாண்ட இடத்துக்கு ஊசி போடாத அயல் நாய்கள் வந்து சேரும். கருத்தடையும் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பை 2023-ஆம் வருஷத்து விதிகள் உள்ளாட்சி ஸ்தாபனங்களுக்கு அளித்திருக்கின்றன. இறைச்சிக் கடைக் கழிவையும் செத்த கோழிகளையும் ஊரோரத்தில் கொட்டாமல் புதைக்கச் செய்தால் நாய்க் கூட்டம் தானே குறையும்.

வருஷக் கணக்கு

1. பங்குனி: குட்டிகளுக்கு முதல் வெறிநோய் ஊசி. கொட்டகை வெடிப்புகளுக்குச் சுண்ணாம்பு.
2. சித்திரை முதல் ஆனி: நிழல், ஜலம், உண்ணிச் சோதனை. குடற்புழு மருந்து ஒரு முறை.
3. ஆடி, ஆவணி: எலிக்காய்ச்சல் முதலியவற்றுக்கான ஊசி. உயர்ந்த படுக்கை.
4. புரட்டாசி: வளர்ந்த நாய்களுக்கு வருஷாந்திர வெறிநோய் ஊசி. நாய்க் கணக்கைச் சரிபார்த்தல். குடற்புழு மருந்து.
5. ஐப்பசி, கார்த்திகை: காது, பாதம் துடைத்தல். புண், புழு, பாம்பு ஆகியவற்றில் ஜாக்கிரதை.
6. மார்கழி: குடற்புழு மருந்து. ஈன்ற நாய்க்கும் குட்டிக்கும் வெப்பமான இடம்.
7. தை, மாசி: குட்டிகளைத் தினம் கையாளுதல். கருத்தடை செய்வித்தல். மாசி முடிவில் குடற்புழு மருந்து.

நோயுற்ற பிராணிகளைப் பற்றி 1962 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். ஊசியிட்ட தேதியை மாட்டுக் கணக்கு எழுதும் நோட்டிலேயே நாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிவைப்பது நல்ல பழக்கம். கடிபட்ட அவசரத்தில் மருத்துவர் முதலில் கேட்பது அத்தேதியையே. இவ்வாறு பராமரிக்கப்பட்ட நாய் பல ஆண்டு காவல் செய்யும். அதன் எஜமானன் வீட்டுக் குழந்தைகளும் அதனோடு அச்சமின்றி வாழ்வார்கள்.